கேட்டில் வேலை பார்த்த கத்தி

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தர். சாட்சி சொல்வதை, வக்கீல் கேட்பதை, நீதிபதி இருவரையும் அதட்டுவதைப் பேசுகிற வேகத்திலேயே கோடும் கொக்கியுமாக எழுதி, பிறகு தட்டச்சு செய்து கொடுப்பது என் வேலை. அந்த ஒரு காரியத்தில் என் கை கெட்டி. மற்ற எல்லாக் காரியங்களிலும் அது தோளிலிருந்து சும்மா தொங்குகிற ஒரு பொருள். வீட்டில் ஜாம் பாட்டிலின் மூடியைத் திறக்க நான் கிளம்பினால், என் மனைவி தரை துடைக்கும் துணியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்வாள்.

இப்படிப்பட்ட நான் ஒரு மடக்குக் கத்தி வாங்கியே தீருவது என்று முடிவெடுத்ததற்கு என் மகளின் பள்ளியில் நடந்த கண்காட்சிதான் காரணம்.

மகளைச் சிறு வயதில் சுண்டெலி என்று கூப்பிட்டோம். அது நாளடைவில் தேய்ந்து சுண்டு ஆகிவிட்டது. சுண்டுவும் அவள் தோழிகளும் அட்டையில் ஒரு தூக்குப் பாலம் செய்திருந்தார்கள். பிடியைச் சுற்றினால் பாலம் இரண்டாகப் பிரிந்து எழும்ப வேண்டும். தலைமையாசிரியை அவர்களுடைய மேசைக்கு வரும் நேரம் பார்த்து நைலான் நூல் சிக்கிக்கொண்டது. பாலத்தின் ஒரு பாதி மட்டும் எழுந்து, யாரையோ வழியனுப்புவது போல ஆடிக்கொண்டு நின்றது. அப்பாக்கள் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டு ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னோம். "நூலை அறுத்தாகணும்" என்று நானும் என் பங்குக்குச் சொன்னேன். எதைக் கொண்டு என்று யாரும் கேட்கவில்லை.

அதுவரை வாயே திறக்காத ஒருவர், ஒரு தோழியின் அப்பா, பாக்கெட்டிலிருந்து விரல் நீளத்துக்குக் கறுப்பாக ஒன்றை எடுத்தார். அதிலிருந்து ஒரு கத்திரிக்கோல் முளைத்தது. நூலை நறுக்கினார். கத்திரிக்கோல் உள்ளே போய் ஒரு திருப்புளி வந்தது. தளர்ந்திருந்த திருகாணியை முடுக்கினார். எல்லாவற்றையும் மடக்கிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு, மறுபடியும் வாயைத் திறக்காமல் நின்றுகொண்டார். பாலம் இரண்டு பக்கமும் ஒழுங்காக எழுந்தது. சுண்டு பாலத்தைப் பார்க்கவில்லை. அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகையில் பேருந்தில் கேட்டாள்.

"உங்க பாக்கெட்ல என்னப்பா வச்சிருக்கீங்க?"

எடுத்துக் காட்டினேன். ஒரு கைக்குட்டை, பேனா இல்லாத ஒரு பேனா மூடி, யார் வீட்டுச் சாவி என்று எனக்கே தெரியாத ஒரு சாவி.

"சரி, பரவால்லப்பா" என்றாள்.

அந்தப் 'பரவால்ல'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

மறுநாளே ஆராய்ச்சியில் இறங்கினேன். மடக்குக் கத்திகளைப் பற்றி இவ்வளவு வீடியோக்கள் இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அவற்றில் முகமே வராது. இரண்டு கைகள் மட்டும் வரும். அந்தக் கைகள் ஒரு கத்தியை எடுத்து, திறந்து, மூடி, மறுபடி திறந்து, ஒரு தாளைச் சீவிக் காட்டும். "தினசரி பாக்கெட்டில் வைத்துக்கொள்ள இதைவிட நல்லது இல்லை" என்று ஒரு குரல் சொல்லும். அடுத்த வீடியோவில் வேறு இரண்டு கைகள் அதே கத்தியைக் குப்பை என்று சொல்லும். நான் இரண்டையும் நம்பினேன்.

முதல் சிக்கல் கத்திரிக்கோலா, குறடா என்பது. சின்ன அளவில் இரண்டும் சேர்ந்து நன்றாக அமையாதாம். குறடு இருந்தால் ஆணி பிடுங்கலாம். கத்திரிக்கோல் இருந்தால் நூல் அறுக்கலாம். வாழ்நாளில் எத்தனை ஆணி பிடுங்கியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றுகூட இல்லை. ஆனால் அதற்குக் காரணம் என்னிடம் குறடு இல்லாததாகவும் இருக்கலாம் அல்லவா?

என் மனைவி ஒரு பிசியோதெரபி நிலையத்தில் வேலை பார்க்கிறாள். நாள் முழுக்க ஊரார் தோளையும் முட்டியையும் மடக்கி நீட்டிவிட்டு வந்து சோபாவில் சாய்கிறவள். அவளிடம் கருத்துக் கேட்டது என் தப்பு.

"கத்தில பூட்டு இருக்கணுமா, இல்லாட்டி பரவாயில்லையா? நீ என்ன நினைக்கிற?"

"பூட்டா? கத்திக்கு எதுக்குங்க பூட்டு? யாராவது உள்ள புகுந்துடுவாங்களா?"

"அப்படி இல்ல. திறந்த கத்தி வேலை நடுவுல தானா மடங்காம இருக்கும். விரல் தப்பிக்கும்."

"நீங்க கடைசியா எதை வெட்டினீங்க?"

யோசித்தேன். "போன வாரம் ஒரு கவர்."

"அதைப் பல்லால கிழிச்சீங்க. நான் பாத்தேன்."

அன்றிலிருந்து அவளிடம் தொழில்நுட்ப விஷயங்களைப் பேசுவதை நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த சிக்கல் எடை. பாக்கெட்டில் கனம் தெரியக்கூடாது, ஆனால் இல்லாதது போலவும் இருக்கக்கூடாது என்று ஒரு குரல் சொல்லியிருந்தது. அது எப்படிப்பட்ட எடை என்று அனுபவித்துப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. நான் மனதில் வைத்திருந்த கத்தியின் எடைக்குச் சமமாக வீட்டில் என்ன இருக்கிறது என்று சமையலறைத் தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். குளியலறையில் பாதி தேய்ந்த சோப்புக் கட்டி கச்சிதமாக ஒத்துப்போனது. நீளமும் ஏறக்குறைய அதேதான். ஒரு தாளில் சுற்றிக் காற்சட்டைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினேன். நடக்கும்போது தொடையில் லேசாகத் தட்டியது. பாக்கெட்டில் கத்தி வைத்திருக்கும் ஆளின் நடை எனக்கு வந்துவிட்டதாகவே நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. நிறுத்தத்திலிருந்து ஓடி வந்ததில் இடுப்புக்குக் கீழே தொப்பலாகிவிட்டேன். அப்படியே போய் நாற்காலியில் உட்கார்ந்து எழுத ஆரம்பித்தேன். ஒரு நிலத் தகராறு. சாட்சி விறுவிறுவென்று பேசிக்கொண்டிருந்தார். தொடையில் வழவழவென்று ஏதோ ஊர்வது தெரிந்தும் என்னால் பேனாவை நிறுத்த முடியவில்லை. நீதிபதிதான் முதலில் மூக்கை உறிஞ்சினார். சாதாரணமாக அந்தக் கூடத்தில் ஈரக் குடை வாசனையும் பழைய காகித வாசனையும்தான் இருக்கும். அன்று எலுமிச்சை மணந்தது. சாட்சி பேச்சை நிறுத்திவிட்டு என் மடியையே பார்த்தார். குனிந்தேன். பாக்கெட்டிலிருந்து நுரை பொங்கிக்கொண்டிருந்தது.

"உடம்புக்கு ஏதாவது முடியலையா?" என்று நீதிபதி நிஜமான அக்கறையோடு கேட்டார்.

"சோப்புங்க ஐயா" என்றேன்.

 நீதிபதி சாட்சியைத் தொடரச் சொன்னார்.

அந்த வெட்கத்தில்தான் ஆராய்ச்சிக்கு ஒரு முடிவு வந்தது. அடுத்த விடுமுறையன்று கடைக்குப் போனேன். பூட்டு, தாழ்ப்பாள், கத்தி, டார்ச் லைட் எல்லாம் விற்கிற ஒடுக்கமான கடை. கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து நாலைந்தை எடுத்து ஒரு துணிமேல் பரப்பினார். ஒவ்வொன்றையும் பற்றி அவருக்குத் தெரிந்ததைவிட எனக்கு அதிகம் தெரிந்திருந்தது. திறக்கத்தான் தெரியவில்லை. ஒவ்வொரு கருவியின் முதுகிலும் நகம் வைத்து இழுக்க ஒரு கீறல் இருந்தது. நகம் வழுக்கியது. அவரே திறந்து திறந்து காட்டினார்.

"என்ன வேலைக்கு சார்?"

"அப்படிக் குறிப்பா ஒண்ணும் இல்ல. தினமும் கையோட வச்சுக்க."

"ஆபீசுக்கும் எடுத்துட்டுப் போவீங்களா?"

"அதுக்குத்தானே வாங்குறதே."

"எங்க வேலை பாக்குறீங்க?"

"கோர்ட்ல."

அவர் கை ஒரு கணம் நின்றது. என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கோர்ட்லயா?" என்றார். அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

குறடு வேண்டாம், கத்திரிக்கோலே இருக்கட்டும் என்று ஒருவழியாகத் தீர்த்து, கரும்பச்சை நிறத்தில் ஒன்றை வாங்கினேன். சுண்டுவிரலைவிடச் சின்னதாக ஒரு கத்தி, ஒரு கத்திரிக்கோல், ஒரு அரம், ஒரு திருப்புளி, பின்பக்கத்தில் சொருகி வைத்த ஒரு சின்ன இடுக்கி. வீட்டுக்கு வந்ததும் அதிலிருந்த விலைச்சீட்டை அதன் கத்தியாலேயே அறுத்தேன். கட்டைவிரலும் கொஞ்சம் அறுந்தது. மனைவி பஞ்சு எடுத்து வந்தாள். சுண்டு மட்டும் கத்தியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சூப்பர்ப்பா" என்றாள். விரல் வலியே தெரியவில்லை.

திங்கட்கிழமை காலை, சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, தொடையில் கத்தி தட்டத் தட்ட நீதிமன்ற வாசலுக்கு வந்து வரிசையில் நின்றேன். அந்த வாசலில் பைகளை விழுங்கி மறுபக்கம் துப்புகிற ஓர் எந்திரமும், மனிதர்கள் நுழைந்து வர, உலோகம் இருந்தால் கூவுகிற ஒரு வாசல் சட்டமும் உண்டு. வக்கீலானாலும் ஊழியரானாலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும். நான் அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து தினமும் அதன் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தேன். இத்தனை வார ஆராய்ச்சியில் அந்தச் சட்டம் ஒருமுறைகூட என் நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் அது கூவியபோது நான் மற்றவர்களோடு சேர்ந்து யார் அந்த ஆள் என்று திரும்பிப் பார்த்தேன்.

அங்கே காவலுக்கு நிற்பவரை எல்லோரும் கேட்டக்கா என்பார்கள். கேட்டில் நிற்பதால் அந்தப் பெயரா, யாரைப் பார்த்தாலும் எதையாவது கேட்பதால் வந்த பெயரா என்பது தெரியாது. இரண்டுமே பொருந்தும். என் வயதுதான் இருக்கும். உயரம் என்னைவிட ஒரு பிடி அதிகம்.

"சார், பாக்கெட்ல என்ன?"

எடுத்துத் தட்டில் வைத்தேன்.

"கத்தியா? சார், கோர்ட்டுக்குக் கத்தி எடுத்துட்டு வர்றீங்களா?"

"இது வெறும் கத்தி இல்லக்கா. இதுல கத்திரிக்கோல் இருக்கு. அரம் இருக்கு."

எனக்குப் பின்னால் ஒரு தாடி வக்கீல் நின்றார். அவர் பேச்சை எழுதி எழுதித்தான் என் கை ஓய்ந்தது. அவர் வரிசைக்கே கேட்கும்படி சொன்னார். "குறிச்சுக்குங்கம்மா. கத்தி மட்டும் இல்லையாம். கூடுதல் ஆயுதங்களும் இருக்காம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. கேட்டக்கா சிரிக்கவில்லை. கத்தியைத் தன் மேசை இழுப்பறையில் போட்டு, எண் பொறித்த ஒரு வில்லையை என் கையில் தந்தார். "சாயங்காலம் குடுத்துட்டு வாங்கிக்குங்க."

புத்தியுள்ளவன் மறுநாள் கத்தியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பான். ஆனால் தினமும் கையோடு வைத்துக்கொள்வதற்கென்று தேடித் தேடி வாங்கிய கத்தி. அதை வீட்டில் விட்டுப் போனால் சுண்டு கேட்பாளே. எனவே தினமும் எடுத்துப் போனேன். தினமும் கேட்டில் கொடுத்தேன். தினமும் மாலையில் வாங்கி வந்தேன்.

"அதாவது" என்றாள் மனைவி, ஒருவருடைய முட்டியை மடக்கிப் பார்க்கும் நிதானத்தோடு, "வீட்லேர்ந்து கேட் வரைக்கும் கூட்டிட்டுப் போறீங்க. அப்புறம் கேட்லேர்ந்து வீட்டுக்குக் கூட்டிட்டு வர்றீங்க. அதுக்கும் கொஞ்சம் நடந்தாப்ல இருக்கும்."

கொஞ்ச நாளில் கத்தியில் ஒரு மாற்றம் தெரிந்தது. ஒரு மாலை, கத்தியின் அலகில் பிசின் ஒட்டியிருந்தது.

"கோவிச்சுக்காதீங்க சார்" என்றார் கேட்டக்கா. "ஒரு பார்சல் வந்துச்சு. சுத்தி சுத்தி டேப் ஒட்டியிருந்தான். சும்மாதானே இருக்குன்னு எடுத்துட்டேன்."

"பரவாயில்லக்கா" என்றேன்.  என் கத்தி அறுத்த முதல் பெட்டி, நான் மாடியில் உட்கார்ந்து வாய்தா எழுதிக்கொண்டிருந்தபோது அறுபட்டிருக்கிறது.

அதற்குப் பிறகு அவர் கூச்சப்படுவதை விட்டுவிட்டார். மாலையில் கத்தியைக் கொடுக்கும்போதே அன்றைய செய்தியையும் சேர்த்துக் கொடுப்பார். மேசை விசிறியின் கூண்டு கழன்று கடகடத்தது, திருப்புளியால் முடுக்கினோம் சார். சாட்சி சொல்ல வந்த அம்மாவுக்கு மர பெஞ்சு சிலாம்பு கையில ஏறிடுச்சு, இடுக்கியால எடுத்தோம் சார். தாடி வக்கீலின் மூக்குக்கண்ணாடிக் காம்பு தொங்கிக்கொண்டிருந்தது, அதையும் சரிசெய்தாகிவிட்டது. அவர் திருப்புளி பிடிப்பதை ஒருநாள் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டு தப்புத் தப்பாகத்தான் திருப்பினார். இரண்டு முறை நழுவவிட்டார். ஆனால் யார் பார்க்கிறார்கள் என்பதைப் பற்றி அவருக்குக் கவலையே இல்லை. நான் பொறாமைப்பட்டது அதற்குத்தான்.

மாடிப்படியில் இரண்டு இளைய வக்கீல்கள் பேசிக்கொண்டு போனது காதில் விழுந்தது. "கேட்ல ஒரு கத்தி இருக்காம்டா. எல்லா வேலையும் செய்யுமாம்." யாருடையது என்று அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

வீட்டில் சுண்டு தினமும் கேட்டாள். "இன்னைக்குக் கத்தி என்னப்பா பண்ணுச்சு?"

முதலில் உள்ளபடிதான் சொன்னேன். விசிறி சரியாச்சு, கண்ணாடி சரியாச்சு என்று. தமிழில் அது ஒரு வசதி. யார் செய்தது என்று சொல்லாமலே எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டு போகலாம். ஆனால் ஒருநாள் அவள், "நீங்களா சரி பண்ணீங்க?" என்று கண்ணை விரித்துக் கேட்டாள். பள்ளிக் கண்காட்சியில் அந்த வாய் திறக்காத மனிதரைப் பார்த்த அதே கண். "பின்ன?" என்றேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாய் நிற்கவில்லை. சிலாம்பை எடுத்தபோது அந்த அம்மா அழுததையும் நான் ஆறுதல் சொன்னதையும்கூடச் சேர்த்துக்கொண்டேன். நாள் முழுக்க மற்றவர்களின் வாக்குமூலத்தை ஓர் எழுத்து மாற்றாமல் எழுதுகிறவன், வீட்டுக்கு வந்ததும் இப்படி.

மனைவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். என் கட்டைவிரலைப் பார்ப்பாள், பிறகு என் முகத்தைப் பார்ப்பாள்.

பள்ளி விடுமுறை நாளொன்றில் மனைவிக்கு வேலை இருந்தது. சுண்டு என்னோடு வருகிறேன் என்றாள். தட்டச்சு அறையில் உட்கார வைத்துக்கொள்ளலாம் என்று கூட்டிப் போனேன். வாசல் வரை அவளுக்குப் பேச்சு நிற்கவில்லை. கண்ணாடி சரிசெய்துகொண்ட தாடி வக்கீலைக் காட்ட வேண்டுமாம். நான் நடையை மெதுவாக்கினேன்.

அன்று வரிசை நீளமாக இருந்தது. எனக்கு முன்னால் ஓர் இளம் தாய், வழக்குக் காகிதக் கட்டை அணைத்துக்கொண்டு நின்றாள். கூடவே மூன்று நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. மழைக்கு அடக்கமாகக் கழுத்தில் ஒரு நீளமான கம்பளித் துண்டைச் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டிருந்தார்கள். தாயின் பை எந்திரத்துக்குள் போனது. குழந்தை அது எங்கே போனது என்று பார்க்க மறுமுனைக்கு ஓடி, ஓடுகிற பட்டையின் மேல் எட்டிக் குனிந்தது. நான் கத்தியை எடுத்துத் தட்டில் வைக்கப் போனேன்.

துண்டின் முனை பட்டைக்கும் உருளைக்கும் நடுவில் போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. குழந்தையின் தலை சட்டென்று கீழே இழுபட்டபோதுதான் தாய் அலறினாள். கேட்டக்கா பாய்ந்து சிவப்புப் பொத்தானை அடித்தார். பட்டை நின்றது. ஆனால் துண்டு விண்ணென்று இறுகியிருந்தது. குழந்தையின் கன்னம் எந்திரத்தின் விளிம்பில் அழுந்தியது. அழக்கூடச் சத்தம் வரவில்லை.

"சார், கத்திரி! கத்திரிக்கோல எடுங்க!"

நான்தான் பக்கத்தில் இருந்தேன். கத்தி என் கையில்தான் இருந்தது. எந்தப் பக்கம், எத்தனையாவது அடுக்கு என்றெல்லாம் எனக்கு மனப்பாடம். நகத்தை வைத்து இழுத்தேன். அரம் வந்தது. அதை மடக்கிவிட்டு மறுபடி இழுத்தேன். திருப்புளி வந்தது. முந்தின நாள்தான் நகம் வெட்டியிருந்தேன். விரல் வழுக்கியது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் சுண்டு நிற்பது தெரிந்தது.

"நீங்களே பிடிங்கக்கா!" என்று கத்தியை அப்படியே கேட்டக்காவின் கையில் திணித்துவிட்டு, குழந்தையை இடுப்போடு சேர்த்துத் தூக்கி எந்திரத்தை ஒட்டி அணைத்துக்கொண்டேன். உடம்பு மேலே ஏறியதும் துண்டு கொஞ்சம் தளர்ந்தது. குழந்தைக்கு மூச்சு வந்தது. மூச்சு வந்ததும் வீறிட்டது. பிறகு உதைக்கத் தொடங்கியது. அதன் காலணிகள் மாறி மாறி என் வயிற்றில் இறங்கின. நான் விடவில்லை. கேட்டக்கா கத்திரிக்கோலைத் திறந்து, குழந்தையின் கழுத்துக்குப் பின்னால் விரலைக் கொடுத்துக்கொண்டு, நறுக் நறுக்கென்று துண்டை வெட்டினார். கம்பளி தடிமன். பாதியில் கத்திரிக்கோலை விரிய வைக்கும் சின்ன வில் தெறித்து எங்கோ போய் விழுந்தது. கத்தியை விரித்து மீதியை அறுத்தார். துண்டு விட்டது. நானும் குழந்தையும் பின்பக்கமாகப் போய்த் தாடி வக்கீலின் மேல் சாய்ந்தோம்.

தாய் குழந்தையைப் பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். கேட்டக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். குழந்தையின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு இருந்தது. வேறொன்றும் இல்லை. தாடி வக்கீல் தன் அங்கியைச் சரிசெய்துகொண்டு, அன்று கிண்டல் எதுவும் செய்யாமல், எனக்குத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

 எனக்கு நேரமாகிவிட்டது. சுண்டுவைக் கேட்டக்கா தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்துக்கொண்டார். "பாப்பா இங்கயே இருக்கட்டும் சார். நான் பாத்துக்கிறேன்." மாடியேறும்போதுதான் எனக்கு உறைத்தது, அவர்கள் இருவரும் நாள் முழுக்க என்ன பேசுவார்கள் என்று. அன்று நான் எழுதியதில் இரண்டு இடத்தில் பிழை இருந்ததாக நீதிபதி சொன்னார்.

மாலையில் இருவரும் பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தோம். 

"அப்பா."

"ம்."

"தாடி அங்கிள் கண்ணாடிய டைட் பண்ணது கேட்டக்காவாம்."

"ஆமா."

"அந்த அம்மாவுக்குச் சிலாம்பு எடுத்தது?"

"அதுவும் அவங்கதான்."

"ஃபேனு?"

"எல்லாமே அவங்கதான் சுண்டு. நான் சும்மா சொன்னேன்."

"அப்ப நீங்க என்னதான் பண்ணீங்க அத வச்சு?"

"விலைச்சீட்ட அறுத்தேன். அப்புறம் என் விரல."

அவள் கொஞ்ச தூரம் யோசித்துக்கொண்டே நடந்தாள். கோபமாக இருக்கிறாளா என்று நான் ஓரக்கண்ணால் பார்த்தேன்.

"அந்தப் பாப்பாவத் தூக்கினது நீங்கதான். நான் பாத்தேன்" என்றாள் கடைசியில். பிறகு நியாயத்துக்குக் கட்டுப்பட்டவள் போல, "ஆனா அது உதைச்சப்ப நீங்க 'ஐயோ அம்மா'ன்னு கத்தினீங்க" என்றாள்.

"ரொம்பச் சத்தமாவா?"

"வெளில ரோடு வரைக்கும் கேட்டுச்சாம். கேட்டக்கா சொன்னாங்க."

அந்த வாரமே நிர்வாகத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். எந்திரத்தின் மறுமுனைக்கு ஒரு தடுப்பு வந்தது. கேட்டக்காவின் மேசைக்கு ஒரு பெரிய கத்திரிக்கோல் வந்தது, யாரும் எடுத்துப் போகாதபடி சங்கிலி போட்டு. கூடவே சுவரில் ஓர் அறிவிப்பும் வந்தது. ஊழியர்கள் கூரிய பொருட்களை வாசலில் ஒப்படைக்கும் வழக்கத்தை உடனே கைவிட வேண்டும் என்று. அப்படி ஒரு வழக்கம் அந்த நீதிமன்றத்தில் எனக்கு மட்டும்தான் இருந்தது. எனவே அறிவிப்பைப் பெயர் போட்டே ஒட்டியிருக்கலாம்.

கேட்டக்கா கத்தியைத் துடைத்துக் கொடுத்தார். "கத்திரிக்கோல்ல வில்லு போயிடுச்சு சார். தேடிப் பாத்தேன், கிடைக்கல. மத்ததெல்லாம் நல்லா இருக்கு. திருப்புளி ரொம்ப நல்ல திருப்புளி." ஒரு நிமிடம் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டுத்தான் தந்தார். எனக்குக்கூட அவரிடமிருந்து வாங்கிக்கொள்ளச் சங்கடமாக இருந்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சுண்டு கத்தியும் கையுமாக வந்து நின்றாள். சமையலறை அலமாரிக் கதவின் கைப்பிடி ஒரு பக்கம் கழன்று தொங்குகிறதாம். அது எத்தனை காலமாகத் தொங்குகிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குக் கைப்பிடி இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. இருவரும் தரையில் உட்கார்ந்தோம். திருப்புளியைத் திறக்க என் நகம் வழுக்கியது. சுண்டு திறந்து கொடுத்தாள். நான் திருப்பினேன். எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பதில் எங்களுக்குள் ஒரு தகராறு வந்தது. ஒரு திருகாணி அலமாரிக்கு அடியில் உருண்டு போனதால் அலமாரியையே நகர்த்த வேண்டியதாயிற்று. நாக்கைக் கடித்துக்கொண்டால் சுலபமாக இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்தேன். முடிக்கும்போது வெயில் ஏறி, என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

மனைவியைக் கூப்பிட்டோம். அவள் வந்து கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். அழுத்திப் பார்த்தாள். உடம்பைச் சாய்த்து மறுபடி இழுத்தாள். அசையவில்லை.

"கெட்டியாத்தாங்க இருக்கு" என்றாள் ஆச்சரியத்தோடு. பிறகு கொஞ்சம் பின்னால் போய் நின்று பார்த்தாள். "ஆனா தலைகீழா இருக்கே."

பார்த்தோம். பக்கத்துக் கதவின் கைப்பிடி கீழ்நோக்கி வளைந்திருந்தது. எங்களுடையது மேல்நோக்கி வளைந்திருந்தது.

"கழட்டித் திருப்பிப் போட்டுடவா?" என்றேன்.

"வேணாம்ப்பா, இதுதான் கெட்டியா இருக்கே. அந்தக் கைப்பிடிய தலைகீழாப் போட்டுட்டா ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும்" என்றாள் சுண்டு.

அதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. மனைவி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கீழ்வரிசையில இன்னும் நாலு கதவு இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போனாள். நாங்கள் அடுத்த கதவுக்கு முன்னால் நகர்ந்து உட்கார்ந்துகொண்டோம்.